பவர் டெஸ்டை வைத்து டைம் டிரையல் நேரத்தைக் கணிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இங்கிலாந்தில் ஒரு சைக்கிள் கிளப்பில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் 10 மைல் டைம் டிரையல் (தனியாகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் ஓட்டம்) ஓட்டுகிறவன். கூட ஓட்டும் நண்பர்களும், ஊரில் புதிதாகப் பவர் மீட்டர் (மிதிக்கும் பலத்தை வாட்டில் அளக்கும் கருவி) வாங்கியவர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "என் எஃப்.டி.பி. இவ்வளவு, 40 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் முடிப்பேன்?" என்பதுதான் அதில் முதல் கேள்வி. (எஃப்.டி.பி. என்பது ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும் வாட் அளவு, கீழே விளக்குகிறேன்.) எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கீழே வரும் நேரக் கணக்குகள் எல்லாம் நானே போட்டவை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, சமமான சாலை, நல்ல டயர், சுத்தமான செயின், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இவற்றில் ஏதாவது மாறினால் அந்த இடத்திலேயே சொல்கிறேன்.

டைம் டிரையலில் ஏன் 16.1 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் என்று விநோதமான தூரங்கள்?

16.1 கிலோமீட்டர் என்பது 10 மைல். 40 கிலோமீட்டர், ஏறக்குறைய 25 மைல். ஒவ்வொருவராகத் தனித்தனியே கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் பழக்கம் இங்கிலாந்தில் 1895-இல் தொடங்கியது. சாலையில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டினால் போலீஸ் தொல்லை வரும் என்று, பிட்லேக் என்பவரின் முயற்சியில் இந்த முறை வந்தது. விடியற்காலையில், கறுப்பு உடையில், ரகசியக் குறியீடு கொண்ட பாதைகளில் ஓட்டினார்கள். இன்றும் பிரிட்டனில் பாதைகளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுதான் பெயர். காற்றுக்கு மறைவாக யாருடைய பின்னாலும் ஒண்டிக்கொள்ள முடியாத ஓட்டம் இது. அதனால்தான் ஒருவருடைய வாட்டை வைத்து அவருடைய நேரத்தைக் கணிக்கலாம் என்ற ஆசையே பிறந்தது.

எஃப்.டி.பி. என்று எல்லோரும் சொல்வது என்ன?

ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தளராமல் தாங்கக்கூடிய வாட் அளவு. ஆண்ட்ரூ காகன் என்ற உடலியங்கியல் அறிஞரும் ஹண்டர் ஆலன் என்ற பயிற்சியாளரும் பரப்பிய சொல். ஒரு மணி நேரம் முழு மூச்சாக ஓட்டிப் பார்க்க யாருக்கும் மனம் வராது என்பதால் 20 நிமிடம் ஓட்டி, அந்தச் சராசரியை 0.95-ஆல் பெருக்கிக்கொள்கிறோம். 20 நிமிடத்துக்கு 270 வாட் வந்தால் எஃப்.டி.பி. 257.

இதில் பலர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. மூல முறையில் அந்த 20 நிமிடத்துக்கு முன்னால் 5 நிமிடம் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். உடலில் சேமிப்பாக இருக்கும் திடீர் சக்தியைக் கொஞ்சம் கரைத்துவிட்டு அப்புறம் சோதிப்பதற்காகத்தான் அது. அதைத் தவிர்த்துவிட்டு நேரே 20 நிமிடம் ஓட்டினால் எண் கூடுதலாக வரும். 0.95 என்பது அப்போது தாராளமான கணக்காகிவிடுகிறது.

ரேம்ப் டெஸ்ட் சுலபமாக இருக்கிறதே, அது போதாதா?

நிமிடத்துக்கு 20 வாட் போல ஏற்றிக்கொண்டே போய், கால் நின்றுபோகும் வரை ஓட்டுவது ரேம்ப். கடைசி ஒரு நிமிடத்தின் சராசரியில் 75 சதவீதத்தை எஃப்.டி.பி. என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி நிமிடம் 340 வாட் என்றால் 255.

சீக்கிரம் முடிந்துவிடும், எப்படி வேகம் பிரிப்பது என்று யோசிக்க வேண்டாம். அதனால் திரும்பத் திரும்பச் செய்ய ஏற்றது. ஆனால் அந்த 75 எல்லோருக்கும் 75 இல்லை. குறுகிய நேரத்தில் வெடிக்கும் கால் உள்ளவர் கடைசிப் படிகளில் இரண்டு நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பார். அவருக்கு 375 வந்து, கணக்கு 281 என்று சொல்லும். ஒரு மணி நேரத்துக்கு அவரால் 250-தான் தாங்க முடியும். நிதானமாக நெடுநேரம் ஓட்டும் ஆளுக்கு நேர்மாறாக நடக்கும். இன்னொன்று: படிகள் 1 நிமிடமா 3 நிமிடமா என்பதைப் பொறுத்தே உச்ச வாட் மாறும். குறுகிய படிகளில் உச்சம் கூடுதலாக வரும். வேறு வேறு முறையில் எடுத்த உச்சங்களை ஒப்பிடவே கூடாது.

கிரிட்டிக்கல் பவர் என்பது இன்னொரு பெயரா, வேறு கணக்கா?

வேறு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் ஒருவருடைய காலின் இயல்பை இது இரண்டு எண்களாகப் பிரித்துக் காட்டுகிறது.

மோனோ, ஷெரர் என்ற இருவர் 1965-இல் தசைகளின் வேலையைப் பற்றி வெளியிட்ட கருத்து இதன் வேர். நீண்ட நேரம் தாங்கக்கூடிய ஓர் எல்லை வாட் இருக்கிறது. அதுதான் சி.பி. அந்த எல்லைக்கு மேலே போனால், உடலில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு சேமிப்பிலிருந்து செலவழிக்கிறோம். அதை டபிள்யூ பிரைம் என்கிறார்கள். கிலோஜூலில் சொல்வார்கள். சேமிப்பு தீர்ந்தால் எல்லைக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். ஒருவர் 3 நிமிட முழு முயற்சியில் 350 வாட்டும், இன்னொரு நாள் 12 நிமிட முழு முயற்சியில் 280 வாட்டும் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் செய்த வேலை 63,000 ஜூல். இரண்டாவதில் 2,01,600 ஜூல். வித்தியாசம் 1,38,600. நேர வித்தியாசம் 540 வினாடி. வகுத்தால் 256.7 வாட், அதுதான் அவருடைய சி.பி. 63,000-இல் இருந்து 180 வினாடிக்கான சி.பி. வேலையைக் கழித்தால் சுமார் 16,800 ஜூல் மிஞ்சும். அது அவருடைய சேமிப்பு.

இப்போது 10 மைல் போட்டிக்கு வருவோம். அவர் 23 நிமிடம் முப்பது வினாடிக்குப் பக்கத்தில் முடிப்பார் என்றால், 16,800 ஜூலை அந்த 1,410 வினாடிக்குப் பங்கிட்டால் வினாடிக்கு 12 ஜூல், அதாவது 12 வாட். ஆக 256.7-உடன் 12 சேர்த்து 269 வாட் தாங்கலாம். எஃப்.டி.பி. என்ற ஒற்றை எண் இந்த 12 வாட்டைக் காட்டாது. சேமிப்பு 25,000 ஜூல் உள்ள ஆளுக்கு அது 18 வாட்டாக இருக்கும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2 நிமிடத்துக்கும் அரை மணிக்கும் இடைப்பட்ட ஓட்டங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். ஒரு மணி நேரத்துக்கு இதை நம்பினால் ஏமாற்றும், நிஜத்தில் சி.பி.யிலேயே யாரும் ஒரு மணி நேரம் நிற்பது அரிது. 40 கிலோமீட்டருக்கு நான் சி.பி.யில் சில சதவீதம் குறைத்துத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

சோதனையை ஒரே நாளில் முடிக்க, முதல் வினாடியிலிருந்தே முழு பலத்தில் மிதித்து 3 நிமிடம் ஓட்டும் முறை ஒன்றும் 2007-இல் வந்தது. கடைசி 30 வினாடியின் சராசரியை சி.பி.யாக எடுக்கிறார்கள். மிகக் கடுமையானது. கொஞ்சமும் சேமித்து வைக்காமல் ஓட்டத் தெரியாவிட்டால் எண் தவறாக வரும்.

எதைத்தான் செய்வது?

போட்டி தூரத்துக்கு நெருக்கமாக இருப்பதைச் செய்யுங்கள். 10 மைலுக்கு 20 நிமிட சோதனையே கிட்டத்தட்ட போட்டிதான். அதில் வந்த வாட்டை எதனாலும் பெருக்க வேண்டியதில்லை, ஒன்றிரண்டு சதவீதம் குறைத்தால் போதும். சதவீதப் பெருக்கல்கள் எல்லாம் தூரம் நீளும்போதுதான் தேவைப்படுகின்றன. அங்கேதான் பிழையும் நுழைகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சோதனை உண்மையிலேயே கணிக்கிறதா?

இதற்கு ஒரே ஓர் ஆய்வைச் சொன்னால் போதும். பால்மர், டேவிசன், பேர்ட் என்ற மூவர் பிரிட்டனில் செய்து 2000-இல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற ஓட்டுநர்களை ஆய்வகத்தில் ரேம்ப் சோதனைக்கு உட்படுத்தி, உச்ச வாட்டைக் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களே வெளியே, நிஜச் சாலையில், 16.1 கிலோமீட்டர் டைம் டிரையல் ஓட்டினார்கள், சைக்கிளில் பவர் மீட்டரோடு.

ஆய்வகத்து உச்ச வாட்டுக்கும் சாலையில் தாங்கிய சராசரி வாட்டுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்று சொல்லும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99. கிட்டத்தட்ட ஒரே நேர்கோடு. ஆனால் அதே உச்ச வாட்டுக்கும் ஓடி முடித்த நேரத்துக்கும் இடையே 0.46 மட்டும்தான். புள்ளியியல் கணக்கில் அது நம்பத்தக்க உறவு என்றே சொல்ல முடியவில்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்கள் அதே ஆட்கள், சாலையும் அதே சாலை. சோதனை அவர்களுடைய காலை அச்சு அசலாகச் சொல்லிவிட்டது. கடிகாரத்தைச் சொல்லவில்லை. காலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே காற்று இருக்கிறது, வேறு வேறு அளவு உடல்கள் இருக்கின்றன, ஒவ்வொருவரும் சைக்கிள் மேல் படுத்திருக்கும் விதம் இருக்கிறது, வேறு வேறு நாளின் வானிலையும் இருக்கலாம். எஃப்.டி.பி.யை மட்டும் வைத்துக்கொண்டு "நான் இத்தனை நிமிடம்" என்று சொல்கிற எவருக்கும் இந்த ஆய்வைத்தான் முதலில் காட்டுவேன்.

ஆனால் உச்ச வாட் நேரத்தையே நன்றாகக் கணிக்கிறது என்றும் படித்திருக்கிறேனே?

அதுவும் உண்மைதான். தென்னாப்பிரிக்காவின் ஹாலி, நோக்ஸ் இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் உச்ச வாட்டுக்கும் 20 கிலோமீட்டர் நேரத்துக்கும் 0.91 அளவுக்கு உறவு இருந்தது. இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒட்டுறவு எண் என்பது குழு எவ்வளவு பரந்தது என்பதைப் பொறுத்தது. 180 வாட் ஆளும் 400 வாட் ஆளும் ஒரே குழுவில் இருந்தால், யார் முன்னால் வருவார் என்று சொல்ல எந்தச் சோதனையும் போதும். 260-இல் ஒருவரும் 268-இல் ஒருவருமாக நெருங்கி நிற்கும் நம் கிளப் பட்டியலில், யார் யாரை வெல்வார் என்பதை அதே சோதனையால் சொல்ல முடியாது. நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான பதில்.

சரி, வாட்டிலிருந்து நேரத்துக்கு எப்படிப் போவது?

சி.டி.ஏ. என்ற எண் வேண்டும். உங்கள் உடலும் சைக்கிளும் காற்றுக்குக் காட்டும் பரப்பையும், அந்த வடிவம் எவ்வளவு வழுக்கலாகக் காற்றைக் கிழிக்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கிய அளவு. சதுர மீட்டரில் சொல்வார்கள். சாதாரண ரோடு சைக்கிளில் பிரேக் லிவர் மேல் கை வைத்து ஓட்டினால் 0.35-க்கு மேல் இருக்கும். கீழ்ப்பிடியில் குனிந்தால் 0.30 பக்கம் வரும். ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் கையை முன்னால் நீட்டிப் பிடிக்கும் கைப்பிடி) நன்றாகப் படுத்தால் 0.25. உலகத் தரத்து ஓட்டுநர்கள் 0.20-க்கும் கீழே போகிறார்கள்.

250 வாட்டில் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று கணக்குப் போட்டேன். சி.டி.ஏ. 0.30 என்றால் 63 நிமிடம் 28 வினாடி. 0.25 என்றால் 59 நிமிடம் 54 வினாடி. 0.22 என்றால் 57 நிமிடம் 33 வினாடி. காலில் ஒரு வாட்கூடக் கூடவில்லை, கிட்டத்தட்ட 6 நிமிடம் குறைந்துவிட்டது.

இப்போது சி.டி.ஏ.யை 0.25-இலேயே வைத்துவிட்டு வாட்டை 275 ஆக்கினால் 57 நிமிடம் 51 வினாடி. 25 வாட் கூட்ட ஒரு வருடப் பயிற்சி ஆகலாம், சிலருக்கு இரண்டு. முழங்கையை ஒடுக்கி, தலையைத் தாழ்த்தி, பறக்காத சட்டை போட்டு 0.25-ஐ 0.22 ஆக்கினாலும் ஏறக்குறைய அதே பலன். காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் வாட் வேகத்தின் கனத்துக்கு (அதை மூன்று முறை பெருக்கியதற்கு) ஏற்ப ஏறுவதால்தான் இப்படி. 10 சதவீதம் கூடுதல் வாட், வேகத்தில் மூன்றரை சதவீதம்தான் தருகிறது.

பிரிட்டிஷ் ஓட்டுநர் கிறிஸ் போர்ட்மேனின் ஒரு மணி நேரச் சாதனைகள் (ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்பது) இதற்குச் சரியான சாட்சி. 1996-இல் மான்செஸ்டர் ஓட்டத்தளத்தில் கைகளை முன்னால் நீட்டிய 'சூப்பர்மேன்' நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த நிலையையும் சைக்கிள் வடிவங்களையும் சர்வதேச சம்மேளனம் தடை செய்தபின், 2000-இல் அதே தளத்தில் பழைய பாணி வளைந்த ஹேண்டில்பாரோடு 49.441 கிலோமீட்டர். ஏறக்குறைய 7 கிலோமீட்டர் வித்தியாசம். நான்கு வயது கூடியிருந்தார், ஓய்வு பெறும் நேரம், அதெல்லாம் சரி. ஆனால் அந்த 7 கிலோமீட்டரில் பெரும்பங்கு காற்றுக்குத்தான்.

2022-இல் டான் பிகம் என்ற பொறியாளர் சுவிட்சர்லாந்தின் கிரென்சனில் 55.548 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். இரண்டே மாதத்தில் அதே தளத்தில் பிலிப்போ கன்னா 56.792 ஓட்டி அதை முறியடித்தார். கன்னா உலகின் மிக வலுவான டைம் டிரையல் கால்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். அவரைவிட மிகக் குறைந்த வாட்டோடு, காற்றைப் பற்றிய படிப்பை மட்டும் நம்பிப் பிகம் அவ்வளவு நெருங்கியிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

காற்றுச் சுரங்கம் இல்லாமல் என் சி.டி.ஏ.யை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் பழைய டைம் டிரையல் பதிவிலிருந்தே எடுக்கலாம். காற்று அடிக்காத ஒரு நாளில், போன வழியே திரும்பி வந்த ஓட்டம் வேண்டும். சராசரி வாட்டும் வேகமும் தெரியும். எடையும் டயரும் தெரியும். மிச்சம் இருப்பது சி.டி.ஏ. மட்டும், கணக்கைத் திருப்பிப் போட்டால் வந்துவிடும். இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் ராபர்ட் சங் சொன்ன முறை இருக்கிறது. ஒரே சுற்றைப் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் சாலையின் ஏற்ற இறக்கம் ஒன்றாகவே வரும்படி சி.டி.ஏ.யைப் பொருத்திப் பார்ப்பது. கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளில் இதற்கான வசதி இருக்கிறது. ஆளரவமற்ற அமைதியான சாலையும் பொறுமையும் இருந்தால் நல்ல எண் கிடைக்கும்.

குளிர்காலம் முழுக்கப் பயிற்சி செய்து 12 வாட் ஏற்றினேன். நேரம் குறையவே இல்லை. எங்கே தவறு?

அநேகமாக எங்கும் தவறில்லை. எனக்கே நடந்திருக்கிறது. ஜூலையில் 24 டிகிரி வெயிலில் ஓட்டிய அதே பாதையை மறு ஏப்ரலில் 7 டிகிரி குளிரில் ஓட்டினேன். சோதனையில் 12 வாட் கூடுதல், சாலையிலும் 12 வாட் கூடுதல். கடிகாரத்தில் இரண்டு வினாடி அதிகம். மூன்று மாத உழைப்பு வீணாகிவிட்டது என்றே அன்று இரவு நினைத்தேன்.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 24 டிகிரியில் கன மீட்டருக்குச் சுமார் 1.19 கிலோ இருக்கும் காற்று, 7 டிகிரியில் 1.26 ஆகிவிடுகிறது. 6 சதவீதம் கனம். 10 மைலில் அது 25 வினாடிக்குமேல் தின்றுவிடும். 12 வாட் தந்தது சுமார் 24 வினாடி. சரிக்குச் சரி. காலைக் குறை சொல்லுமுன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

காற்றழுத்தமும் அப்படித்தான். 2015 ஜூனில் லண்டனில் பிராட்லி விகின்ஸ் ஒரு மணி நேரத்தில் 54.526 கிலோமீட்டர் ஓட்டிய நாளில் காற்றழுத்தம் அதிகமாக இருந்தது. இல்லாவிட்டால் இன்னும் தூரம் போயிருப்பார்.

அப்படியென்றால் சென்னை வெயிலில் ஓட்டினால் லாபமா?

காற்றுக்கு லாபம், உடலுக்கு நஷ்டம். 10 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் காற்று இலேசாகி, 250 வாட்டில் 40 கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் குறையும். ஆனால் பெடலில் 250 வாட் தரும் உடல் கூடவே 800 வாட்டுக்கு மேல் வெப்பமாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் குளிராது. கணக்கில் வைத்த 250 வாட் முதல் அரைமணிக்குள்ளேயே சரியத் தொடங்கும். விடியற்காலையில் குளிர்ந்த அறையில் எடுத்த சோதனையை வைத்துக்கொண்டு காலை 9 மணி வெயிலில் ஓட்டாதீர்கள்.

வீட்டில் டர்போவில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் பயிற்சிக் கருவி) எடுத்த டெஸ்ட் சாலைக்குப் பொருந்துமா?

மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, அளக்கும் கருவி ஒன்றாக இருக்க வேண்டும். டர்போ ஒன்று சொல்லும், கிராங்கில் இருக்கும் பவர் மீட்டர் வேறு சொல்லும். நல்ல கருவிகளுக்கே ஒன்றிரண்டு சதவீதப் பிழை உண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிழைத்தால் 10 வாட் காணாமல் போய்விடும். ஓட்டுமுன் பூஜ்யப்படுத்தவும் மறக்காதீர்கள். இரண்டு, பெரிய மின்விசிறி. வீட்டுக்குள் எதிரே காற்று இல்லை, அதனால் உடம்பு சூடேறி எண் குறைகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். எந்த நிலையில் ஓட்டப் போகிறீர்களோ அந்த நிலையில் சோதியுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து 270 வாட் தருபவர் ஏரோ பாரில் மடங்கிப் படுத்தால் 250-க்கு இறங்கலாம். இடுப்பு மடிப்பு குறுகுகிறது, மூச்சு அடைக்கிறது. பழகப் பழக இந்த இடைவெளி சுருங்கும். ஆனால் பழகாதவர் நிமிர்ந்து எடுத்த எண்ணை நம்பி டைம் டிரையலில் இறங்கினால் பாதி வழியிலேயே திணறுவார். இப்படித் திணறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடைக்கு வாட் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்களே?

மலைக்கு அது சரி. 8 சதவீத ஏற்றத்தில், வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில், 5 கிலோ கூடுதல் எடைக்கு 16 வாட் செலவாகும். சமதரை டைம் டிரையலில் அதே 5 கிலோவுக்கு 2 வாட்தான், அதுவும் டயரின் உருளும் தடையால். சமதரையில் சி.டி.ஏ.வுக்கு எவ்வளவு வாட் என்பதே பேச்சு. கிலோவுக்கு 4 வாட் இல்லை என்று வருந்தும் பெரிய உடம்புக்காரர்கள் டைம் டிரையலுக்கு வரட்டும், நிஜமாகவே இது அவர்களுக்கான விளையாட்டு.

போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. சமமாகிவிடாதா?

ஆகாது. எதிர்காற்றில் அதிக நேரம் செலவிடுகிறோம் என்பதால் இழப்பே மிஞ்சும். வினாடிக்கு 3 மீட்டர் காற்றில், 250 வாட், 0.25 சி.டி.ஏ.யோடு 40 கிலோமீட்டர் போய்த் திரும்பினால் 61 நிமிடம் 11 வினாடி. காற்றில்லாத நாளைவிட 1 நிமிடம் 17 வினாடி அதிகம்.

கணிப்பு எவ்வளவு துல்லியமாக வரும் என்று எதிர்பார்க்கலாம்?

வாட்டில் 2 சதவீதம் தவறினால் 40 கிலோமீட்டரில் 25 வினாடி தவறும். நல்ல சோதனை, நம்பகமான மீட்டர், தெரிந்த சி.டி.ஏ., அமைதியான நாள் எல்லாம் அமைந்தால் அரை நிமிடத்துக்குள் கணித்துவிடலாம். சி.டி.ஏ. வெறும் ஊகம் என்றால் இரண்டு மூன்று நிமிடம் போகும். சாலையில் லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போனால் அவை இழுத்துவரும் காற்றே உங்களைத் தள்ளும். பிரிட்டனின் இரட்டைவழிச் சாலைப் பாதைகளில் வேகமான நேரங்கள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதை எந்தச் சூத்திரத்திலும் போட முடியாது.

பொதுச் சூத்திரங்களைவிட உங்கள் சொந்த விகிதம் நம்பத்தகுந்தது. ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும், அன்று தாங்கிய சராசரி வாட்டைக் கடைசியாக எடுத்த சோதனை எண்ணால் வகுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடவே வெப்பநிலை, காற்று, நேரம். ஐந்தாறு போட்டிக்குப் பிறகு உங்கள் 10 மைல் விகிதம் ஒரு சிறிய எல்லைக்குள் வந்து நிற்கும். எனக்கு 20 நிமிட எண்ணில் 0.98-ஐ ஒட்டியே வருகிறது. நண்பர் ஒருவருக்கு 1.01. போட்டி என்றால்தான் அவருக்குக் கால் விழிக்கும். அதை எந்தச் சோதனையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

போட்டி நாளில் இந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

முதல் 5 நிமிடம் அதைத் தாண்டாமல் இருப்பதுதான் இதன் பெரிய பயன். புத்துணர்ச்சியோடு கிளம்பும்போது 300 வாட் லேசாகத்தான் தெரியும். சி.பி.க்கு மேலே செலவாகும் ஒவ்வொரு ஜூலும் மேலே கணக்குப் போட்ட 16,800 ஜூல் சேமிப்பிலிருந்து கழிகிறது என்பதை நினைவில் வைத்தால் கால் அடங்கும். சி.பி. 257 உள்ளவர் 300-இல் 4 நிமிடம் ஓட்டினால் 10,000 ஜூலுக்கு மேல் போய்விடும், மீதியை வைத்து இன்னும் 19 நிமிடம் தள்ள வேண்டும். ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் இலக்கைவிட ஐந்து சதவீதம் வரை கூட்டலாம், இறக்கத்திலும் பின்காற்றிலும் அதைத் திருப்பிக் குறைக்கலாம். வேகம் குறைவாக இருக்கும் இடத்தில் போடும் வாட்டுக்குத்தான் நேரம் அதிகம் கிடைக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது?

ஆறு வாரம், எட்டு வாரம். அடிக்கடி முழு முயற்சிச் சோதனை தேவையில்லை. இடையில் உடல் நிலையைப் பார்க்க, ராபர்ட் லாம்பர்ட்ஸ் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய தளர்வான சோதனை நல்லது. உச்ச இதயத் துடிப்பின் 60, 80, 90 சதவீதங்களில் முறையே 6, 6, 3 நிமிடம் ஓட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை வாட் வருகிறது, நிறுத்தியபின் துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது. களைப்பு தேங்கியிருந்தால் இதில் தெரிந்துவிடும். போட்டிக்கு முந்தின வாரம்கூடச் செய்யலாம், கால் கெடாது.

பவர் மீட்டர் வாங்க வசதியில்லை. எனக்கு வழி?

ஒரு நீளமான, செங்குத்தான ஏற்றம் போதும். ஏற்றத்தில் காற்றின் பங்கு குறைவு, புவியீர்ப்புதான் பெரும்பங்கு, அது எல்லா நாளும் ஒரே மாதிரி. ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடையை 9.81-ஆலும் ஏறிய உயரத்தாலும் பெருக்கி, எடுத்த வினாடிகளால் வகுங்கள். 83 கிலோ, 300 மீட்டர் உயரம், 20 நிமிடம் என்றால் 204 வாட் புவியீர்ப்புக்கு மட்டும். டயர், செயின், கொஞ்சம் காற்று என்று பத்துச் சதவீதம் சேர்த்தால் 225 பக்கம் வரும். வரைபடத்தில் ஏற்றத்தின் அடியையும் உச்சியையும் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எடை பார்க்கும்போது தண்ணீர் பாட்டில், ஷூ, ஹெல்மெட் எல்லாவற்றோடும் நில்லுங்கள், காற்று அடங்கிய காலையாகத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை அதே ஏற்றத்தை ஓட்டினால், நல்ல கடிகாரம் ஒன்றே உங்கள் பவர் மீட்டர்.